நூற்றுப் பதினான்கு கறுப்புச் சில்லுகளைப் பற்றிய உண்மை விவரம்

எல்கோ, நெவாடா
ஜூலை 12, சனிக்கிழமை

பாய்ஸியில் சுகமாக இருந்துகொண்டு எல்கோவைப் பற்றியே கவலைப்படும் என் மூத்த உடன்பிறப்பு கார்மெலே அக்காவுக்கு, தம்பி எலாதியோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பணிவோடு எழுதுவது. இங்கே நான் சுகம். முழங்கால் வலி டாக்டரே ஆச்சரியப்படும்படி குறைந்திருக்கிறது. அங்கே நீயும் அத்தானும் அத்தானுடைய ரத்த அழுத்தமும் நலமாக இருக்க வேண்டும். அத்தானிடம், உப்பைக் குறைத்துக்கொள்ளும்படி நான் சொன்னதாகவும், அவர் குறைத்துக்கொள்ளவில்லை என்பதை நான் அறிவேன் என்றும் சொல்லவும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடந்தது அத்தனையும் நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். பிப்ரவரி மாதம் நம் பழைய நாட்டுக்காரர்களுடைய கழக வாசலில் பனியில் வழுக்கி விழுந்தேனே, அன்றைக்கே என் சீட்டாட்டக் கூட்டாளி அன்செல்மோவிடம் சொன்னேன், இந்த வருஷத் திருவிழாவில் ஒலாபாரியா குடும்பத்தின் பெயர் ஊர் முழுக்க அடிபடப் போகிறது பார் என்று. அடிபட்டது. எந்த விதத்தில் என்று மட்டும் நான் அப்போது சொல்லவில்லை, தலையிலும் கொஞ்சம் அடிபட்டிருந்தது. அன்செல்மோவைக் கேட்டுப் பார், அவனுக்கு ஞாபகம் இருக்காது, ஆனால் மறுக்க மாட்டான்.

நீ போனில் அழுதாய். மகள் நெக்கானேயின் வேலை அட்டையைப் பிடுங்கிவிட்டார்கள், அது போனால் இந்த மாநிலத்தில் ஒரு கசினோவிலும் அவளைப் படியேற விட மாட்டார்கள், நான்கு வருஷம் கூண்டில் நின்று உழைத்த பிள்ளை, ஆகஸ்டில் மேற்பார்வையாளர் ஆக வேண்டியவள், எல்லாம் தாய்மாமன் செய்த வேலை என்று சொன்னாய். இதில் முதல் பாதி கிட்டத்தட்ட சரி. இரண்டாவது பாதிக்குத்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி, முடிவு நல்லபடியாகத்தான் இருக்கும், ஆனால் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதே, நான் கஷ்டப்பட்டு வரிசையாக எழுதுகிறேன்.

திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கழகத்தில் எல்லோரும் நீள மேசையில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். பூண்டு சூப் வந்து ஆட்டுக்கறி வருவதற்கு நடுவில் ஒரு நேரம் இருக்கிறதே, அப்போது யாரோ கசினோவில் பெரிய தொகை ஜெயித்தால் என்ன செய்வார்கள் என்று நெக்கானேயைக் கேட்டார்கள். அவள் வேலை செய்கிற காப்பர் லாந்தர்ன் கசினோ, கழகத்துக்கு எதிர்ச்சாரியில்தான் இருக்கிறது, அங்கே சில்லுகளை வாங்கிக்கொண்டு ரொக்கம் கொடுக்கிற கூண்டு ஜன்னலில் அவள் இருக்கிறாள் என்பதால் ஊரில் எல்லோரும் இந்த மாதிரிக் கேள்விகளை அவளிடம்தான் கேட்பார்கள். அவள் உன் மகளாயிற்றே, எதையும் முழுசாகத்தான் சொல்வாள். ஸ்லாட் மெஷினில் ஆயிரத்து இருநூறும் அதற்கு மேலும் விழுந்தால் மெஷின் தானாகப் பூட்டிக்கொள்ளும், ஆள் வந்து வரிச் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் பணம். சீட்டாட்ட மேசையில் ஜெயித்த சில்லுக்கு அந்தச் சீட்டு கிடையாது, ஆனால் ஜெயித்தவர் வருஷக் கடைசியில் தானாகக் கணக்குக் காட்ட வேண்டும். அதன் பிறகு அவள் என்னையே பார்த்துச் சொன்னாள், ஏன் என்னைப் பார்த்தாள் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை.

“ஒரே நாள்ல பத்தாயிரத்துக்கு மேல ரொக்கமா வாங்கினா அடையாள அட்டையைக் காட்டணும் மாமா, நாங்க ஒரு தாள்ல எழுதிக்குவோம். அவ்வளவுதான். அந்தத் தாளுக்கு வரியும் இல்லை, தண்டமும் இல்லை. அந்தத் தாளுக்குப் பயந்துக்கிட்டு துண்டு துண்டா மாத்தினா அதுதான் குத்தம்.”

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சூப் ஆறிக்கொண்டிருந்தது. எனக்குப் பத்தாயிரம் என்பது கேட்டது, தாள் என்பது கேட்டது, வரி என்பது கேட்டது, துண்டு துண்டாக மாற்றுவது என்பதும் தெளிவாகக் கேட்டது. அவற்றை நான் எனக்குத் தெரிந்த வரிசையில் அடுக்கிக்கொண்டேன். ஆறாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் நான்கு சொல்லைக் கொடுத்தால் அதிலிருந்து ஒரு சட்டத்தையே எழுதிவிடக்கூடிய மூளை நமக்கு அப்பாவிடமிருந்து வந்தது.

சனிக்கிழமை மூஸ் சீட்டாட்டப் போட்டி. நாற்பது பேர், இருபது ஜோடி, நாற்பது தலையிலும் கறுப்பு வட்டத் தொப்பி. நானும் அன்செல்மோவும் முப்பத்தொரு வருஷமாகக் கூட்டாளிகள். முதல் சுற்றிலேயே வின்னமக்காக்காரர்களை ஜெயிக்க விட்டுவிட்டோம், தூரத்திலிருந்து வந்தவர்கள், பெட்ரோல் செலவு செய்து வந்தவர்கள், விருந்தோம்பல் என்று ஒன்று இருக்கிறதல்லவா. அதனால் மதியமே எனக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. தெருவைக் கடந்தேன். இருபத்தொன்று ஆடுகிற மேசையில் வெறும் இருநூறு டாலரோடு உட்கார்ந்தேன். அக்கா, அப்புறம் நடந்ததை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்தது என்பதற்காகச் சொல்கிறேன். என்னைச் சுற்றி மூன்று வரிசைக்கு ஜனம். கலிபோர்னியாவிலிருந்து வந்திருந்த இரண்டு அம்மாள்கள் என் தொப்பியைத் தொட்டுப் பார்த்து அதிர்ஷ்டம் வேண்டிக்கொண்டார்கள். நான் எழுந்தபோது என் முன்னால் நூற்றுப் பதினான்கு கறுப்புச் சில்லு. ஒரு கறுப்பு நூறு டாலர். நூறு ஆட்டுக்கு ஒரு கறுப்பு ஆட்டை விட்டுக் கறுப்பை மட்டும் எண்ணி மந்தையைக் கணக்குப் பார்த்தவன் நான், எனக்கா கணக்குத் தெரியாது. ஆடாக இருந்திருந்தால் பதினோராயிரத்து நானூறு ஆடு. அவ்வளவையும் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தால் காற்சட்டை இடுப்பில் நிற்க வேண்டுமே, ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் தெருவைக் கடந்து திரும்பி வந்தேன்.

கழகத்தில் விஷயத்தைச் சொன்னதும் எல்லோருக்கும் பிக்கோன் மது வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று. போட்டி முடிவு எழுதுகிற கரும்பலகையில் என் பெயரையும் தொகையையும் எழுதிவிட்டார்கள், வின்னமக்காக்காரர்கள் பெயருக்கு மேலே. இனி இறங்க முடியாது. சில்லைப் பணமாக்க வேண்டும், பதினோராயிரத்தை ஒரே ஜன்னலில் நீட்டினால் தாள் வரும், தாள் வந்தால் அரசாங்கம் மூன்றில் ஒரு பங்கை அங்கேயே கத்தரித்துக்கொள்ளும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆகவே முப்பத்தெட்டு முப்பத்தெட்டாக மூன்று கூறு போட்டேன். ஒன்று எனக்கு, ஒன்று அன்செல்மோவுக்கு, ஒன்று செஃபெரினோவுக்கு. செஃபெரினோவை உனக்குத் தெரியும், ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற செஃபெரினோ, காது மிஷினில் பாட்டரி தீர்ந்துவிடும் என்று அதை ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் போட்டுக்கொள்கிறவன்.

அன்செல்மோ மட்டும் இழுத்தான். “அந்தத் தாளை நிரப்பித் தொலைச்சா என்னடா? உன் பேரு எழுத உனக்குத் தெரியும்தானே?” என்றான். பொறாமை, வேறென்ன. எனக்கு எழுதத் தெரியும் என்பதற்கு இந்தக் கடிதமே சாட்சி. ஆனாலும் முப்பத்தொரு வருஷக் கூட்டாளி கேட்டதற்காக, நிலைமை தெரிந்துகொள்ள, ஆட்டத்தில் கூட்டாளிக்குக் காட்டுகிற நம் மூஸ் சைகைகளையே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். கீழுதட்டைக் கடித்தால் ஆட்டத்தில் இரண்டு ராஜா, இங்கே இரண்டு காவலாளி. நாக்கு நுனியைக் காட்டினால் இரண்டு ஏஸ், இங்கே விலகிப் போ. கண்ணை மூடினால் கையில் ஒன்றும் இல்லை, இங்கே ஒரு பயமும் இல்லை, முன்னேறு. ஒரு திட்டத்தில் இதற்கு மேல் என்ன இருக்க முடியும் சொல்.

கூண்டில் மூன்று ஜன்னல். நெக்கானே மூன்றாவது ஜன்னலில் இருந்தாள், அந்தப் பக்கமே போகக் கூடாது என்று செஃபெரினோவிடம் ஐந்து தடவை சொன்னேன். அவனும் ஐந்து தடவையும் தலையாட்டினான். உள்ளே போனதும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. வாசலருகே இரண்டு காவலாளிகள் நின்றார்கள், அன்செல்மோ உதட்டைக் கடித்தான். நான் பார்த்தேன் என்று தெரிவிக்க நானும் கடித்தேன். அவனுக்குப் பழக்கதோஷம், கையில் முப்பத்தொரு புள்ளி இருக்கிறது என்று கண்ணடித்தான், எனக்கும் பழக்கதோஷம், இரண்டு ஜோடி என்று புருவத்தைத் தூக்கினேன். இப்படிப் பத்து நிமிஷம் நாங்கள் வரிசையில் நகர்ந்துகொண்டே ஒரு முழு ஆட்டத்தைச் சீட்டே இல்லாமல் ஆடிவிட்டோம், அதிலும் நாங்கள்தான் ஜெயித்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் செஃபெரினோ நேராக மூன்றாவது ஜன்னலுக்குப் போய்விட்டான். தெரிந்த முகம் ஒன்று சிரித்தது, போனேன் என்கிறான். முப்பத்தெட்டு கறுப்பையும் அவள் முன்னால் கொட்டினான். அவள் சத்தமில்லாமல் அவன் காதோடு ஏதோ கேட்டாள், அவனுக்கு அது கேட்டிருக்க வழியில்லை, ஆனால் கேள்வி என்னவாக இருக்கும் என்று அவனாகவே யூகித்துச் சரியான பதிலைச் சொல்லிவிட்டான்.

“உங்க மாமாவோடது கண்ணு. நான் சும்மா தூக்கிட்டு வந்தேன். மூணு பேருக்கும் பங்கு போட்டுக் குடுத்திருக்கான்.”

காது கேளாதவன் பேசுகிற சத்தம் உனக்குத் தெரியும். ஸ்லாட் மெஷின்களே ஒரு நிமிஷம் நின்றுவிட்டன என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நெக்கானே என்ன செய்தாள் தெரியுமா. சில்லைத் தொடவில்லை. இரண்டு உள்ளங்கையையும் கூரைக் கேமராவுக்குத் திருப்பிக் காட்டிவிட்டு, மேற்பார்வையாளரைக் கூப்பிடுகிற மணியை அடித்தாள். விதி அப்படியாம். தாய்மாமனைத் தன் கையாலேயே மணியடித்துப் பிடித்துக் கொடுத்த மருமகள் நம் வம்சத்தில் இவள்தான் முதல். காவலாளிகள் வந்தார்கள். நான் அவர்களிடம் மிகவும் தன்மையாக, இதில் தப்பு ஒன்றும் இல்லை, துண்டு துண்டாக மாற்றுகிற யோசனையை எனக்குச் சொன்னதே இந்தப் பெண்தான் என்று விளக்கினேன். அது அவளுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கும் என்று நினைத்தேன். அன்றைக்கு மாலையே அவள் வேலை அட்டையை வாங்கி ஒரு மேசை இழுப்பறையில் பூட்டிவிட்டார்கள்.

ஆறு நாள். அந்த ஆறு நாளும் அவள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் கழகத்தில் உட்கார்ந்து, கணக்கு எப்படியானாலும் வருஷக் கடைசியில் என் வெற்றியை வரி அலுவலகத்துக்கு நானே எழுதிக் காட்டுவேன், நான் ஒளிக்கிறவன் அல்ல என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் எல்லோரையும் காப்பர் லாந்தர்ன் மாடிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே இருந்த விசாரணை அதிகாரியின் பெயர் வெர்லா பிரிங்ஹர்ஸ்ட். யூட்டா பக்கத்து அம்மாள், அறுபது வயசு, காப்பி குடிக்க மாட்டாள், ஆயுளில் சீட்டைக் கையால் தொட்டதில்லை, ஆனால் சூதாட்டச் சட்டம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். முன்னால் ஒரு கோப்பை வெந்நீர் வைத்திருந்தாள். நெக்கானே ஓரத்து நாற்காலியில் இருந்தாள். அன்செல்மோ எனக்கு நேர் எதிரில். செஃபெரினோ மிஷினைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான், அதுவே நிலைமை எவ்வளவு பெரிது என்பதைக் காட்டியது.

முதலில் கேமராவில் பதிந்த படத்தைப் போட்டார்கள். வரிசையில் நிற்கிற அன்செல்மோவின் முகம் சுவரளவுக்குத் தெரிந்தது. அந்த அம்மாள் ஒரு குச்சியால் அவன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள்.

“இது என்ன?”

“ரெண்டு ராஜா மேடம்,” என்றேன்.

“அவர் கையில சீட்டே இல்லையே.”

“இல்லை. ஆனா இருந்திருந்தா ரெண்டு ராஜா.”

அவள் எழுதிக்கொண்டாள். நான் எழுந்து நின்று எல்லாச் சைகைகளையும் ஒவ்வொன்றாகச் செய்து காட்டி அர்த்தம் சொன்னேன். எங்கள் ஆட்டத்தில் கூட்டாளிக்குச் சைகை காட்டுவது திருட்டு இல்லை, எதிராளி பார்த்துவிடாமல் காட்டுவதுதான் சாமர்த்தியம், ஆனால் பொய்ச் சைகை மட்டும் கூடவே கூடாது, கையில் இல்லாததை இருப்பதாகக் காட்டினவனோடு பிறகு ஒருத்தரும் மேசையில் உட்கார மாட்டார்கள் என்று விளக்கினேன். அவள் மிகுந்த அக்கறையோடு கேட்டாள். இந்த அம்மாளை நான் கையில் எடுத்துவிட்டேன் என்று அன்செல்மோவைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவன் திருப்பிக் கண்ணடிக்கவில்லை.

பிறகு ஒரு பதிவேட்டை எடுத்தாள். ஒவ்வொரு மேசையிலும் யார் எவ்வளவுக்குச் சில்லு வாங்கினார்கள், எவ்வளவோடு எழுந்து போனார்கள் என்று அன்றன்றைக்கே எழுதி வைப்பார்களாம். பெயர் தெரியாதவர்களுக்கு அடையாளம் எழுதுவார்களாம். அந்தச் சனிக்கிழமைப் பக்கத்தில் மூன்று இடத்தில், கறுப்பு வட்டத் தொப்பி, வயதானவர், பெயர் தெரியவில்லை என்று இருந்தது. மூன்று வெவ்வேறு மேசை. ஒவ்வொன்றிலும் நாலாயிரம் ரொக்கம் கொடுத்துச் சில்லு வாங்கினது, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தோற்று மீதியோடு எழுந்து போனது. யார் இந்த மூன்று பேர் என்று கேட்டாள். அன்றைக்கு ஊரில் நாற்பது தொப்பி மேடம், நான் எந்தத் தொப்பியைக் கண்டேன் என்றேன். கூரைக் கேமராவிலும் பார்த்திருக்கிறார்கள், மேலேயிருந்து பார்த்தால் எல்லோருமே கறுப்பு வட்டமாகத்தான் தெரிகிறோம். அதற்கப்புறம் அவள் வெந்நீரில் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதுதான் உன் மகளுடைய தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

“இருநூறு டாலரை வெச்சு பதினோராயிரத்துக்கு மேல ஜெயிச்சேன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அன்னிக்கு எந்த மேசையிலயும் யாரும் அவ்வளவு ஜெயிக்கலை. தொப்பி போட்டவங்க ஒருத்தர்கூட ஒரு டாலரும் ஜெயிக்கலை. மேசையில இருந்து வராத சில்லு இந்தக் கட்டடத்துல வேற ஒரே எடத்துல இருந்துதான் வர முடியும் சார். கூண்டுல இருந்து. கூண்டுல நின்னது உங்க மருமக.”

அக்கா, அதுவரைக்கும் இது தாளைப் பற்றிய விஷயம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். திருட்டு என்று ஒரு சொல்லை அவள் வாயால் சொல்லவில்லை, ஆனால் அறையில் இருந்த எல்லோருக்கும் அது கேட்டது, செஃபெரினோவுக்குக்கூட. நான் நெக்கானேயைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் விரித்து முழங்காலின் மேல் வைத்திருந்தாள், கூண்டில் கேமராவுக்குக் காட்டுகிற மாதிரியே. “மாமா” என்று மட்டும் சொன்னாள்.

அந்த அறையில் வெளிச்சம் அதிகம். ஜன்னல் கிழக்குப் பார்த்தது. வெர்லா அம்மாள் என்னிடம், ஆக நீங்கள் எவ்வளவு ஜெயித்தீர்கள், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள். பதினோராயிரத்து இருநூறு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எதிரில் அன்செல்மோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், ஆட்டத்தில் என் சைகைக்குக் காத்திருக்கும்போது பார்ப்பானே அந்தப் பார்வை. என் கண் இரண்டும் மூடிக்கொண்டன.

“இப்ப கண்ணை மூடினீங்க,” என்றாள் அந்த அம்மாள். “கையில ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்னு சொன்னீங்களே.”

வெயில் மேடம் என்றேன். அது உண்மையும்கூட. ஆனால் அதற்குப் பிறகு நான் எழுந்து நின்று ஒரு பேச்சுப் பேசினேன் பார். பத்தொன்பது வயசில் கையில் ஒரு பெட்டியோடு இந்த நாட்டுக்கு வந்தது, மலையில் இரண்டாயிரம் ஆட்டோடு ஐந்து மாதம் மனிதக் குரல் கேட்காமல் இருந்தது, ஒலாபாரியா குடும்பத்தில் இதுவரை யாரும் அடுத்தவன் ஆட்டுக்குத் தன் சாயக்குறியைப் போட்டதில்லை என்பது, எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தேன். கால்மணி நேரத்துக்குக் குறையாது. வெர்லா அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். காவலாளி திரும்பி நின்றுகொண்டான். பேசி முடித்ததும் அவள் பதிவேட்டை மூடி, இழுப்பறையைத் திறந்து, வேலை அட்டையை எடுத்து நெக்கானே கையில் கொடுத்து, திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்துவிடு அம்மா, ஆறு நாள் சம்பளமும் சேர்த்து வரும் என்றாள். ஆகஸ்டில் மேற்பார்வையாளர் ஆவதிலும் மாற்றம் இல்லையாம். எல்லாம் உன் தம்பியின் வாய்.

என் பணத்தையும் கொடுத்துவிட்டார்கள். நூற்றுப் பதினான்கு சில்லையும் ஒரே ஜன்னலில் வைத்தேன், ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினேன், ஒரு பெண் அந்தத் தாளை எழுதினாள். நான்கு நிமிஷம். ஒரு டாலரும் கத்தரிக்கவில்லை. இதை முன்பே யாராவது எனக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். கிளம்பும்போது அந்த அம்மாள் என்னிடம் ஒரு கடிதம் கொடுத்தாள், அதில் ஒரு வருஷத்துக்கு நான் அந்தக் கட்டடத்துக்குள் வராமல் ஓய்வெடுத்துக்கொள்ள வேண்டும் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். என் முழங்காலைப் பற்றி யாரோ சொல்லியிருப்பார்கள் போல. ஒப்புக்கொண்டேன்.

ஆக, உன் மகள் வேலையில் இருக்கிறாள், நம் பெயர் இருக்கிறது, நான் இருக்கிறேன். அழுகையை நிறுத்திவிட்டு அத்தானுக்கு உப்பில்லாமல் ஏதாவது சமைத்துப் போடு. உன் வீட்டு அடுப்பு அணையாமலும், அத்தானின் பொறுமை தீராமலும், உன் பேரப்பிள்ளைகள் கணக்கில் என்னைப் போல வராமலும் இருக்க வேண்டிக்கொண்டு, பாய்ஸிக் கழகத்தில் என்னை விசாரிக்கிற எல்லோருக்கும் என் வணக்கத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

இப்படிக்கு உன் அன்புத் தம்பி,
எலாதியோ ஒலாபாரியா

பின்குறிப்பு: உறையை ஒட்டலாம் என்று இருந்தேன், நெக்கானே வந்துவிட்டாள். ஆறு நாளைக்குப் பிறகு இன்றைக்குத்தான் வந்திருக்கிறாள், கையில் ஆட்டுக்கறி. நின்றுகொண்டே இதை முழுசாகப் படித்தாள். ஒரு இடத்தில் சிரித்தாள், செஃபெரினோ வருகிற இடம். பிறகு தபால்தலையைத் தன் பையில் போட்டுக்கொண்டு, ஒரு வரி சேர்த்தால்தான் தருவேன், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் நானே போனில் சொல்கிறேன் என்கிறாள். அவள் சொன்னால் சுருக்கமாகச் சொல்வாள், எனக்கு அது பிடிக்காது, ஆகையால் நானே எழுதுகிறேன்.

பேச்சு கால்மணி நேரம் என்பது கொஞ்சம் கூடுதல். நான் நான்கு சொல் பேசினேன். “மூணு தொப்பியும் நான்தான் மேடம்” என்றேன், முதல் தடவை அந்த அம்மாளுக்குச் சரியாகக் கேட்கவில்லை, அதனால் இரண்டு தடவை. பிக்கப் வண்டியை விற்ற பன்னிரண்டாயிரம் கையில் இருந்தது. ஒரே மேசையில் நீட்டினால் உரிமத்தைக் கேட்பார்களோ என்று மூன்று மேசையில் நீட்டினேன். மூன்றிலும் எழுந்து போனதை அந்த அம்மாள் முன்பே பென்சிலால் கூட்டி வைத்திருந்தாள், பதினோராயிரத்து நானூறு வந்திருந்தது, ஆனால் அது என் வாயால் வர வேண்டும் என்றுதான் எங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். வராவிட்டால் சந்தேகம் நெக்கானே பெயரிலேயே நிற்குமாம். கூட்டம் கூடவில்லை. என் தொப்பியை ஒருத்தரும் தொடவில்லை. வரி அலுவலகத்துக்கு எழுதிக் காட்டவும் ஒன்றும் இல்லை, தோற்ற அறுநூறைக் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன், கழிப்பதற்கும் முதலில் எங்கேயாவது ஜெயித்திருக்க வேண்டும் என்கிறாள் உன் மகள்.

கரும்பலகையில் என் பெயர் இன்னும் இருக்கிறது. அழிக்க வேண்டுமா என்று கேட்டேன், அது உங்கள் இஷ்டம் மாமா என்று சொல்லிவிட்டுக் கறியைச் சூடு பண்ணப் போயிருக்கிறாள். இருநூறு டாலரோடு உட்கார்ந்தேன் என்று மேலே எழுதினேனே அக்கா, அந்த இருநூறு மட்டும்தான் நான் இட்டுக்கட்டியது.